மார்ஷல் விற்பனையை முன்வைத்து: பெயர், சரக்கு, இரைச்சல்

1

2025 ஜனவரியில் ஒரு விற்பனை அறிவிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமைத் தலைமையிடமாகக் கொண்ட மார்ஷல் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குகளை ஹெச்.எஸ்.ஜி. என்ற சீன முதலீட்டு நிறுவனம் வாங்குகிறது. குழுமத்தின் மொத்த மதிப்பு 110 கோடி யூரோ. மார்ஷல் குடும்பம் 20 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்குகளோடு தொடரும். ராக் இசை கேட்கிறவர்களுக்கு மார்ஷல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மின் கிதாருக்கான ஆம்ப்ளிஃபயர்களை 1962 முதல் இங்கிலாந்தில் செய்துவந்த கம்பெனி அது. கச்சேரிப் படங்களில் கிதார்காரருக்குப் பின்னால் ஆளுயரக் கறுப்புப் பெட்டிகள் சுவர் மாதிரி நிற்கும், முகப்பில் வெள்ளைச் சாய்வெழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் விற்பனையானது.

இந்த மாதிரி விற்பனை நடக்கும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். முதலாவது, ரசிகனின் ஒப்பாரி. ‘போச்சு, எல்லாம் போச்சு. குடும்பச் சொத்தா இருந்தது, இப்போ சீனாக்காரன் கைக்குப் போயிடுச்சு. இனிமே அந்தச் சத்தம் வராது.’ இரண்டாவது, நம்ம பக்கத்துக் குரல். ‘மூலதனம் எல்லாவற்றையும் விழுங்கும். கலகமும் சரக்குதான், ராக்கும் சரக்குதான். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?’ முதலாவது கண்ணீர் விடுகிறது. இரண்டாவது, எல்லாம் முன்கூட்டியே தெரிந்த தோரணையில் கையை உதறிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. இரண்டுமே ஒரு எளிய கேள்வியைக் கேட்பதில்லை: சரியாக எதை விற்றார்கள்? விற்றது யாருடையது?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பின்தொடரலாம் என்று நினைக்கிறேன். ஒரு ஆம்ப்ளிஃபயர் கம்பெனியின் கதையில் எழுத்தாளனுக்கும் அரசியல் ஊழியனுக்கும் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கூட்டாக உண்டாக்கப்பட்ட ஒன்று எப்படி ஒருவருடைய பெயருக்குள் அடைபடுகிறது, அந்தப் பெயர் எப்படிச் சரக்காகிறது என்பது நம் எல்லோருடைய பிரச்சினை. அது இந்தக் கதையில் தெரிவதுபோல அப்பட்டமாக வேறெங்கும் தெரிவது அபூர்வம்.

2

முதலில் பொருளைப் பார்ப்போம். கிதாரின் உலோகத் தந்தி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அதை வாங்கி, ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்கித் தருவதுதான் ஆம்ப்ளிஃபயரின் வேலை. அந்த நாட்களில் இதைச் செய்தவை வால்வுகள். பழைய ரேடியோப் பெட்டிக்குள் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்கும் அதே கண்ணாடிக் குழல்கள்.

ஜிம் மார்ஷல் (1923–2012) டிரம்ஸ் வாசித்தவர், டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தவர். 1960இல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஒரு இசைக்கருவிக் கடை போட்டார். டிரம்ஸ் வாங்க வந்த பையன்களோடு கிதார் வாசிக்கிற பையன்களும் வந்தார்கள். அவர்களில் பீட் டவுன்ஷெண்டும் ஒருவர். அவர்கள் கேட்ட சத்தம் கடையில் இல்லை. அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனியின் ஆம்ப்ளிஃபயர்கள் ஓரளவுக்கு அந்தச் சத்தத்தைத் தந்தன. ஆனால் கடல் தாண்டி வந்த சரக்கு, யானை விலை. நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. கடையில் ரிப்பேர் வேலை பார்த்த கென் பிரானும், டட்லி கிராவன் என்ற பதின்வயது மின்னணுப் பயிற்சியாளனும் ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ மாடலை முன்னால் வைத்துக்கொண்டு, அதன் சர்க்யூட்டைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டு 1962இல் ஒன்றைச் செய்துமுடித்தார்கள். ஜே.டி.எம். 45 என்பது அதன் பெயர். ஜே.டி.எம். என்றால் ஜிம், அவருடைய மகன் டெர்ரி, மார்ஷல் என்ற குடும்பப் பெயர். அப்பா, பிள்ளை, வம்சம். ஈயம் வைத்து ஒட்டிய கைகளின் பெயர் மூன்றெழுத்தில் ஒன்றில்கூட இல்லை.

ஆக, அசலே நகல். நகலெடுத்தது தவறு என்று இதைச் சொல்லவில்லை. ஏனென்றால் நகலெடுக்கப்பட்ட அசலும் நகல்தான். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். வால்வு தயாரித்த பெரிய கம்பெனிகள் தங்கள் வால்வுகள் விற்க வேண்டும் என்பதற்காகவே மாதிரி சர்க்யூட்டுகளை அச்சிட்டு வெளியிட்டன. ரேடியோ மெக்கானிக்குகளின் பொது அறிவாக அவை புழங்கின. ஃபெண்டரின் ஆரம்பகால ஆம்ப்ளிஃபயர்கள் அந்தப் பொது அறிவிலிருந்து முளைத்தவை. ‘பாஸ்மேன்’கூட பாஸ் கிதாருக்காகச் செய்யப்பட்டது, சாதாரண கிதார்காரர்கள் அதை எடுத்துத் தங்களுக்காக்கிக்கொண்டார்கள். சர்க்யூட் என்பது ஒரு நாட்டுப்புறக் கதைபோல. கை மாறும், ஊர் மாறும், ஒரு பாகம் கழன்று இன்னொன்று ஒட்டும். பாஸ்மேனில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு, பின்பக்கம் திறந்த பெட்டியில் இருந்தன. மார்ஷல் கடைக்காரர்கள் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் நான்கை மூடிய பெட்டியில் வைத்தார்கள். ஒலி மாறியது. இந்த மாற்றம்தான் அவர்களுடைய பங்கு, அது சிறியதல்ல. ஆனால் அது ஒரு நெடிய சங்கிலியின் ஒரு கண்ணி. சங்கிலி யாருடைய பெயரிலும் இல்லை.

3

இதைவிட முக்கியமானது இன்னொன்று. 110 கோடி யூரோ மதிப்புள்ள அந்த ‘மார்ஷல் சத்தம்’ இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும்போது வருவதில்லை. அதைத் திணறடிக்கும்போது வருகிறது.

ஒரு வால்வால் ஓரளவுக்குத்தான் பெருக்க முடியும். அந்த எல்லைக்கு மேல் அதைத் தள்ளினால் அலையின் உச்சி மழுங்கித் தட்டையாகிறது. அப்படித் தட்டையாகும்போது, மூல ஒலியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் உண்டாகின்றன. ஒலி கரகரக்கிறது, தடிக்கிறது, நீள்கிறது. பொறியியல் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் பிழை. தந்தது தந்தபடி திரும்ப வர வேண்டும் என்பதுதான் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவனின் லட்சியம். வாசித்தவர்களோ வால்யூம் திருகைக் கடைசிவரை திருகினார்கள்.

1966 வசந்தத்தில் லண்டனின் டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜான் மேயால் குழுவின் ‘ப்ளூஸ் பிரேக்கர்ஸ்’ தொகுப்பு பதிவானது. எரிக் கிளாப்டன் தன் மார்ஷலை மேடையில் வைப்பதுபோல உரத்த சத்தத்தில் வைத்துத்தான் வாசிப்பேன் என்றார். கூடத்தின் ஒழுக்கவிதிகளின்படி அப்படிப் பதிவுசெய்யக் கூடாது, பொறியாளருக்குக் கலக்கம். கடைசியில் பதிவானது. அந்தத் தட்டு வெளிவந்த பிறகு பிழை என்பது இலக்கணமாயிற்று.

ஆனால் இந்தக் கதையைக் கிளாப்டனோடு நிறுத்தினால் நாமும் பெயர் வழிபாட்டில்தான் விழுவோம். கிளாப்டன் தேடிய சத்தம் எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்து சிகாகோவுக்குக் கிளம்பிப்போன கறுப்பின மக்கள், இரைச்சல் மிகுந்த மதுக்கடைகளில் தங்கள் குரல் எடுபட வேண்டும் என்று மலிவான சின்ன ஆம்ப்ளிஃபயர்களை முறுக்கிப்பிடித்து வாசித்த சத்தம் அது. மட்டி வாட்டர்ஸ், பட்டி கய், ஃபிரெட்டி கிங் என்று அந்த வரிசை நீளும். 1951இல் மெம்ஃபிஸில் பதிவான ‘ராக்கெட் 88’ பாடலின் கிதார் ஒலி, வழியில் சேதமான ஒரு ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்தது என்பது இசை வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. உடைந்த கருவி, அதை மாற்றக் காசில்லை, அல்லது நேரமில்லை. உடைந்ததை வைத்தே வாசித்தார்கள். இல்லாமையின் சத்தம் இங்கிலாந்துக்குப் போய், நடுத்தர வர்க்க வெள்ளை இளைஞர்களின் கலகச் சத்தமாகி, அங்கே ஒரு கம்பெனியின் ‘தனித்தன்மை’ ஆயிற்று.

மேடையில் அடுக்கியிருக்கும் அந்தப் பெட்டிச் சுவர் விஷயத்தையும் பார்ப்போம். 1965இல் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதோடு எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் வைக்கச் சொன்னார். வைத்துக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிச் சுமக்க வேண்டிய ஊழியர்களின் முதுகு முறிந்தது; முணுமுணுப்புக் கிளம்பியது. பெட்டியை இரண்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும்படி செய்தார்கள். இன்று டி-சட்டைகளில் அச்சாகிற அந்தக் கம்பீர அடுக்கு, சுமை தூக்கினவர்களின் முணுமுணுப்பு போட்ட வடிவம். வடிவமைப்பு வரலாறுகளில் இது வேடிக்கைத் துணுக்காக வருகிறது. எனக்கு இதில் வேடிக்கையாக எதுவும் படவில்லை.

பிரெஞ்சு அறிஞர் ழாக் அத்தாலி 1977இல் வெளியான தன் நூலில், இரைச்சல் என்பது வரப்போகும் சமூக ஒழுங்கை முன்னறிவிக்கிறது என்று வாதிட்டார். அழகான வாதம். ஆனால் மார்ஷல் விஷயத்தில் இரைச்சல் எதை முன்னறிவித்தது? இரைச்சலையே உரிமம் போட்டு விற்கிற ஒழுங்கைத்தான். அப்படியானால் இரைச்சலில் கலகமே இல்லையா என்று கேட்டால், இருந்தது. 1969 ஆகஸ்ட் 18ஆம் தேதி காலை வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மார்ஷல் அடுக்கின் முன் நின்று அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். கீதத்தின் நடுவே கிதார் அலறியது, விழுந்தது, வெடித்தது. வியத்நாம் மீது விழுந்துகொண்டிருந்த குண்டுகளை அதில் கேட்காதவர்கள் குறைவு. ஒரு அரசின் புனிதப் பாட்டுக்குள்ளிருந்தே அந்த அரசு செய்யும் கொலையை வெளியே இழுத்துக் காட்டிய சத்தம் அது. அதை உண்டாக்கியவர் ஹெண்ட்ரிக்ஸ். பெட்டி ஒரு நிபந்தனை, அவ்வளவுதான்.

4

சர்க்யூட் பொது அறிவு. சத்தம் வாசித்தவர்களின் படைப்பு. பெட்டி தொழிலாளர்களின் உழைப்பு. அப்படியென்றால் கம்பெனிக்குச் சொந்தமாக என்னதான் மிஞ்சுகிறது? சாய்வெழுத்தில் ஒரு பெயர்.

ஃபூக்கோ 1969இல் ஆற்றிய உரையில், ஆசிரியன் என்பவன் பிரதிக்குப் பின்னால் நிற்கும் மனிதன் என்பதைவிட, பிரதிகளை வகைப்படுத்தவும் வேலிகட்டவும் பயன்படும் ஒரு செயற்பாடு என்றார். பெயர் ஒரு வேலி. எது உள்ளே, எது வெளியே என்று அது தீர்மானிக்கிறது. வணிக முத்திரைச் சட்டம் ஃபூக்கோவைப் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னதை அச்சொட்டாக நடைமுறைப்படுத்துகிறது. அதே சர்க்யூட்டை, அதே பாகங்களைப் போட்டு நீங்கள் செய்யலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அந்தப் பெயரை மட்டும் ஒட்ட முடியாது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் சங்கத் தொகைநூல்களின் ஞாபகம் வராமல் இருக்காது. குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்றெல்லாம் புலவர் பெயர்கள் வருகின்றன. சொந்தப் பெயர் காலத்தில் தொலைந்துபோக, பாட்டுக்குள் இருந்த சொல்லே பாடியவருக்குப் பெயராயிற்று. அங்கே படைப்பு படைத்தவனுக்குப் பெயர் தந்தது. முத்திரைப் பெயரின் உலகத்தில் இது தலைகீழ்: பெயர் முதலில் நிற்கிறது, படைத்தவர்கள் அதற்குள் கரைந்து காணாமல்போகிறார்கள்.

காணாமல்போனவர்கள் சில சமயம் தடயம் விடுகிறார்கள். 1950களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கத் திறக்கிறவர்கள், உலோகத் தட்டின் உள்பக்கம் ஒரு சிறிய ஒட்டுநாடாத் துண்டைப் பார்ப்பதுண்டு. அதில் கையெழுத்தில் ஒரு பெண்ணின் முதற்பெயர் மட்டும்: லில்லி, லூப்பே. வயர்களை இணைத்து ஈயம் வைத்தவர்கள் அவர்கள். வேலையைச் சரிபார்ப்பதற்காக ஒட்டிய துண்டுகள். ஃபெண்டரின் ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலையில் மெக்சிக வம்சாவளிப் பெண்கள் கணிசமாக வேலை பார்த்தார்கள். அவர்களில் அபிகேல் இபாரா 1956இல் சேர்ந்து 2013இல் ஓய்வுபெறும்வரை கிதாரின் காந்தச் சுருள்களைச் சுற்றினார். அவர் கையெழுத்துப் போட்ட சுருள்கள் இன்று சேகரிப்பாளர்களிடையே தனி விலைக்குப் போகின்றன. அந்த விலையில் எதுவும், அதைச் சுற்றிய நாளில் அவர் வாங்கிய கூலியோடு சேரவில்லை.

வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர். வெளிப்பெயர் முதலாளியுடையது, பெட்டி விலைக்குப் போகும்போது அது பேசுகிறது. உள்பெயர் பெட்டி பழுதாகித் திறக்கப்படும்போதுதான் வெளிச்சம் பார்க்கிறது. சரக்கில் உழைப்பு மறைந்துகிடக்கிறது என்று மார்க்ஸ் 1867இல் எழுதினார். இங்கே அது உருவகமாக இல்லாமல், ஒட்டுநாடாவாகவே மறைந்துகிடக்கிறது.

5

பெயர் பொருளிலிருந்து கழன்று தனியே நடக்கத் தொடங்கிய கதை இனி. 1984இல் ராப் ரைனர் எடுத்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’ என்ற படம் ராக் குழுக்களின் பகட்டைக் கிண்டலடித்தது. அதில் ஒரு கிதார்காரன் தன் மார்ஷலின் திருகு 10 வரை அல்ல, 11 வரை போகும் என்று பெருமையடிப்பான். சில வருஷங்களில் மார்ஷல் கம்பெனி திருகில் 20 வரை எண் போட்ட ஒரு மாடலை வெளியிட்டு, அதே பாத்திரத்தை வைத்து விளம்பரமும் செய்தது. கேலியையும் கம்பெனி விழுங்கி ஏப்பம் விட்டது. பெரிய மேடைகளில் அடுக்கிய பெட்டிகளில் பல வெறும் கூடுகள், உள்ளே ஸ்பீக்கர் கிடையாது என்பதும் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். போத்ரியார் தேடிப்போக வேண்டிய உதாரணம் கச்சேரி மேடையிலேயே நின்றுகொண்டிருந்தது.

2010 வாக்கில் ஸ்டாக்ஹோமின் ஸவுண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி மார்ஷல் பெயரைப் பயன்படுத்த உரிமம் வாங்கி, காதில் மாட்டும் ஹெட்ஃபோன்களைச் செய்தது. பிறகு வீட்டு ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயரின் அதே கறுப்புத் தோலுறை, அதே பித்தளை நிறத் திருகுகள், அதே சாய்வெழுத்து. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கிதாரைத் தொட்டதில்லை. வியாபாரம் பெருத்தது, பெயரைத் தந்தவர்களைவிடப் பெயரை வாடகைக்கு எடுத்தவர்கள் பெரியவர்கள் ஆனார்கள். 2023 மார்ச்சில் ஸவுண்ட் கம்பெனி மார்ஷலையே வாங்கியது. மார்ஷல் குடும்பம் புதிய குழுமத்தில் 24 சதவீதத்தோடு மிகப் பெரிய பங்குதாரர் ஆனது. குடித்தனக்காரன் வீட்டை வாங்க, வீட்டுக்காரர் அதில் ஒரு அறையை வைத்துக்கொண்டார். நிழல் உருவத்தை வாங்கிய தருணம் அதுதான். 2025இல் சீன நிறுவனம் வாங்கியது அந்த நிழலைத்தான். ஆக, ஒப்பாரி வைக்கிறவர்கள் தேதியிலேயே தப்புப் பண்ணுகிறார்கள்.

ஒப்பாரிக்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியைச் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அன்றிலிருந்து கிதார் உலகம் காலத்தை இரண்டாகப் பிரித்தது: சி.பி.எஸ்.ஸுக்கு முன், சி.பி.எஸ்.ஸுக்குப் பின். முன்னது பொற்காலம், பின்னது சீரழிவு. இதில் உண்மை இல்லாமலில்லை. 1960களின் கடைசியில் புதிய முதலாளியின் பொறியாளர்கள் சில மாடல்களின் சர்க்யூட்டை மாற்றி ஒலியைச் ‘சுத்தப்படுத்தினார்கள்’. பிழையைத் தேடி வந்தவர்களுக்குப் பிழை திருத்திய பிரதியைக் கையில் கொடுத்தார்கள். வாசிக்கிறவனின் காதுக்கும் கணக்குப்புத்தகத்துக்கும் இடையிலான தூரம் கூடியது நிஜம். முதலாளி மாறினால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆகும். முதலில் அடி விழுவது உற்பத்தி வரிசையில் நிற்பவர்களுக்கு.

ஆனால் அந்தப் பொற்காலக் கதையாடல் செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்பட்ட ஒரு சாதனத்துக்கு, இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்பொருள் இழக்கும் என்று பெஞ்சமின் சொன்ன அந்த ஒளிவட்டத்தை அது மாட்டிவிடுகிறது. ஒளிவட்டம் எங்கிருந்து வந்தது? விற்பனையிலிருந்தே. 1964இல் யாரும் ‘லியோ காலத்துப் பெட்டி’ என்று பேசவில்லை. அப்போது அது வெறும் பெட்டி. விற்ற பிறகுதான் முன்காலம் என்று ஒன்று பிறந்தது. அதோடு ‘நல்ல முதலாளி’ என்ற தொன்மமும் பிறந்தது. விற்றவரே அந்த நல்ல முதலாளிதான் என்பதைக் கதை சௌகரியமாக மறந்துவிடுகிறது. ஐயா நல்லவர், மகன்தான் சரியில்லை. பழைய கம்பெனி நல்லது, புதுசா வந்தவன்தான் கெட்டவன். பண்ணையார் காலத்திலிருந்து நாம் கேட்டுப் பழகின ராகம். எஜமானன் மாறியதற்கு அழுகிறவன், எஜமானன் எதற்கு என்று கேட்கும் நிலைமைக்கு வருவதேயில்லை.

‘சீனாக்காரன் கைக்குப் போச்சு’ என்பதில் இருக்கிற இனவாதத்தையும் சொல்லியாக வேண்டும். மார்ஷல் சத்தத்தில் பாதி செலஸ்டியன் ஸ்பீக்கரின் சத்தம். அந்தக் கம்பெனி ஹாங்காங்கின் கோல்ட் பீக் குழுமத்தின் கைக்குப் போனது 1992இல். யாரும் பெரிதாக அழுததாகத் தெரியவில்லை, பெயர்ப்பலகை மாறவில்லையே. மார்ஷலின் டி.எஸ்.எல். வரிசைப் பெட்டிகள் 2010களில் வியத்நாமில் செய்யப்பட்டன. வுட்ஸ்டாக்கில் எந்த நாட்டின் மேல் விழுந்த குண்டின் சத்தம் மார்ஷல் வழியாக வெளிவந்ததோ, அந்த நாட்டின் தொழிலாளர்கள் நாற்பது வருஷம் கழித்து மார்ஷலைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசியத் தொழிலாளியின் கை பெட்டிக்குள் இருக்கலாம். ஆசிய முதலாளியின் கை பெயரைத் தொடக்கூடாது. இதுதான் அந்த ஒப்பாரியின் உள்ளர்த்தம். ஆசிய முதலாளி மேலானவன் என்பதில்லை. ஹெச்.எஸ்.ஜி. என்பதே 2023இல் கலிஃபோர்னியாவின் செக்கோயா கேப்பிட்டலிலிருந்து தனிப்பெயர் எடுத்துப் பிரிந்த சீனக் கிளை. மூலதனத்துக்கு ஊர் ஏது? ஊர் தேவைப்படுவது சரக்குக்குத்தான், விலை ஏற்றுவதற்கு.

6

சரி, இதையெல்லாம் கட்டுடைத்துவிட்டு என்ன செய்யப்போகிறோம்? நம் விமர்சனங்களில் கட்டுடைத்தவுடன் கடையைக் கட்டுகிற பழக்கம் இருக்கிறது. அப்படி விட எனக்கு மனமில்லை.

ஒரு எதிர்வாதத்தை முதலில் எதிர்கொள்ள வேண்டும். சர்க்யூட் பொதுவில் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமே, பெயரை யார் வாங்கினால் நமக்கென்ன என்று கேட்கலாம். செய்துகொள்கிறார்கள்தான். ஜே.டி.எம். 45இன் வரைபடத்தை வைத்து வீட்டு மேசையில் பாகம் பாகமாகக் கோத்து முடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது எனக்கு மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அந்தச் சர்க்யூட்டுக்கு வால்வு வேண்டும். மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வால்வு செய்த பெரிய தொழிற்சாலைகள் மூடிப் பல காலமாகிறது. ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளையே கிதார் உலகம் நம்பி வந்திருக்கிறது. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதித் தடைகளை அறிவித்தபோது வால்வு வாங்குகிறவர்கள் பதறிப்போனார்கள். அறிவு பொதுவில் இருந்தால் மட்டும் போதாது. உற்பத்திச் சாதனம் யார் கையில் என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும்.

அந்தக் கேள்விக்குக் கிதார் உலகமே ஒருமுறை அரைகுறையாகப் பதில் சொல்லியிருக்கிறது. சி.பி.எஸ். 1985இல் ஃபெண்டரைக் கைகழுவியபோது, வில்லியம் ஷூல்ட்ஸ் தலைமையில் கம்பெனி ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார்கள். ‘ஊழியர்கள் வாங்கினார்கள்’ என்று கம்பெனி வரலாறு பெருமையாகச் சொல்கிறது. யார் அந்த ஊழியர்கள்? முன்னால் நின்றவர்கள் நிர்வாகிகள். விற்பனையில் பெயரும் உரிமைகளும் இருப்புச் சரக்கும் கைமாறின; ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலை அதில் சேரவில்லை. பெயர் பிழைத்தது. பெண்கள் ஈயம் வைத்த அந்தக் கட்டடங்கள் பேரத்துக்கு வெளியே நின்றன. எதை வாங்கினால் கம்பெனியை வாங்கியதாக ஆகும் என்பதில் மூலதனத்துக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை. குழப்பம் நமக்குத்தான்.

ஆகவே இந்த விற்பனைகளைப் பற்றி எழுதும்போது, யாருக்கு விற்றார்கள் என்பதிலிருந்து தொடங்குவதை நிறுத்துவோம். எவையெல்லாம் விலைபேசப்படாமலே உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டன என்ற பட்டியலிலிருந்து தொடங்குவோம். மதுக்கடையில் வாசித்தவனின் கரகரப்பு அந்தப் பட்டியலில் இருக்கும். டட்லி கிராவனின் பதின்வயது இருக்கும். சுமைதூக்கியின் முதுகுவலி, லில்லியின் ஒட்டுநாடா, வியத்நாம் தொழிலாளியின் பணிநேரம் எல்லாம் இருக்கும். பட்டியல் போட்டால் சொத்து திரும்பி வந்துவிடாது. அந்தப் பிரமை எனக்கில்லை. ஆனால் பட்டியல் இல்லாத இடத்தில் ஒப்பாரி வந்து உட்காரும், ஒப்பாரி முடிந்ததும் அடுத்த விலை சொல்லப்படும்.

இலக்கியத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். முகப்பில் ஒரு பெயரைப் போட்டு, உள்ளே எத்தனை பேருடைய பேச்சையும் பிழைப்பையும் பிழையையும் வைத்து மூடியிருக்கிறோம் என்று நாம் நம் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறோமா? பழுதாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.